வாய்ஸ் டிகிரி இருக்கு, கேன்டர் ஆகணும்: எங்க ஆரம்பிக்கிறது?

வெஸ்டர்ன் கிளாசிக்கல் வாய்ஸ் படிச்சவங்க கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். கன்சர்வேட்டரி டிகிரி கையில இருக்கு, இத்தாலியன் ஜெர்மன் ஃப்ரெஞ்சு எல்லாம் நாக்குல புரளுது, ஆனா ஓப்பரா ஆடிஷனுக்கு போனா ஒரு ரோலுக்கு வரிசை கட்டி நிக்கிறாங்க, நடுவுல வாடகையும் கட்டியாகணும். அந்த நேரத்துல கூடப் படிச்ச யாராவது போன் பண்ணி, ரோஷ் ஹஷானாவுக்கும் (யூதப் புத்தாண்டு) யோம் கிப்பூருக்கும் (பெரிய உபவாச நாள்) ஒரு யூத டெம்பிள் கொயர்ல ஆள் வேணுமாம், காசு தர்றாங்க, வர்றியான்னு கேப்பாங்க. யூத வழிபாட்டை பாடி நடத்துற கேன்டர் ஆன பாடகர்கள் பல பேருக்கு பிள்ளையார் சுழி விழுந்தது இப்படித்தான்.

அப்படிப் போய் பாடிட்டு, இது வெறும் சம்பளத்துக்கு பாடுற வேலை இல்ல போலிருக்கேன்னு மனசு அங்கயே தங்கிட்டவங்களுக்காக இதை எழுதுறேன். யூதரா பிறந்து பல வருஷம் சினகாக் (யூத வழிபாட்டு இடம், டெம்பிள்னும் சொல்லுவாங்க) பக்கமே தலைவெச்சு படுக்காதவரா இருந்தாலும் சரி, யூதரே இல்லாம உள்ள வந்தவரா இருந்தாலும் சரி. சொல்றது முக்கால்வாசி அமெரிக்க நிலவரம், ஏன்னா இந்தப் படிப்பை முறையா சொல்லித்தர்ற பெரிய ஸ்கூல்ஸ் அதிகமா அங்கதான் இருக்கு.

முதல்ல, கேன்டர்னா யாரு

ஹீப்ரூல ஹஸான். சினகாக்ல பிரார்த்தனையை பாடி நடத்துறவர். இதுல ஒரு விஷயம் ஆரம்பத்துலயே மண்டையில ஏறணும், இல்லன்னா பின்னாடி எல்லாமே கோணலா போகும்: இவர் கச்சேரி பண்றவர் இல்ல, கடவுளுக்கும் ஜனங்களுக்கும் நடுவுல நிக்கிற பூசாரியும் இல்ல. சபையோட சார்பா பேச அனுப்பப்பட்ட ஆள், அவ்வளவுதான். யூத மரபுல பிரார்த்தனை நடத்த பட்டம் கூட வேண்டாம், விஷயம் தெரிஞ்ச, வயசு வந்த ஒருத்தர் எந்திரிச்சு நடத்தலாம் (ஆர்த்தடாக்ஸ்ங்கிற, பழைய சட்டத்தை அப்படியே பின்பற்றுற பிரிவுல ஆம்பளைங்க மட்டும்). அமிதான்னு ஒரு மையமான பிரார்த்தனை இருக்கு, எல்லாரும் நின்னுக்கிட்டு மனசுக்குள்ள சொல்லிடுவாங்க, அப்புறம் நடத்துறவர் அதையே திரும்ப சத்தமா சொல்லுவார், இந்த ஏற்பாடே புஸ்தகம் கிடைக்காத காலத்துல, வார்த்தை தெரியாதவங்களுக்கும் சேர்த்து ஒருத்தர் சொல்லட்டும்னு வந்ததுதான். அதனால நீங்க பாடும்போது எதிர்ல ஆடியன்ஸ்னு ஒண்ணு கிடையாது. பாரம்பரியமான சபைகள்ல நீங்க நிக்கிறதே ஜனங்களைப் பார்த்து இல்ல, தோரா (மோசேயோட ஐந்து ஆகமம்) சுருள் வெச்சிருக்கிற பேழையைப் பார்த்து, அதாவது அவங்களுக்கு முதுகு காட்டிட்டு. பாடி முடிச்சா கைதட்டல் வராது. ஆமென் வரும். அப்புறம் வெளிய ஒயினும் கேக்கும் வெச்சிருக்கிற இடத்துல ஒரு தாத்தா வந்து கையைப் பிடிச்சு "யஷெர் கோயாக்"னு சொல்லுவார், அதுதான் நம்ம ஊரு சபாஷ்.

அதுக்காக பெரிய குரலுக்கு இங்க மரியாதை இல்லன்னு நினைச்சுடாதீங்க, வரலாறு அதுக்கு நேர் எதிரா இருக்கு. வியன்னாவுல 19ஆம் நூற்றாண்டுல சாலமன் சுல்ட்சர்னு ஒரு கேன்டர், பாரிட்டோன், அவர் குரலைக் கேக்கவே யூதர் இல்லாத இசைக்காரங்களும் சினகாக்குக்கு வருவாங்க. ஷூபெர்ட் 1828ல, தான் செத்துப்போன அதே வருஷம், பைபிள்ல வர்ற 92ஆம் சங்கீதத்தை (துதிப்பாட்டு) ஹீப்ரூலயே அவருக்காக இசையமைச்சுக் கொடுத்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவோட பெரிய டெனர் ரிச்சர்ட் டக்கர் 1945ல அங்க மேடையேறுறதுக்கு முன்னாடியே கேன்டர்தான், ஓப்பராவுல பேரு வாங்கினப்புறமும் பண்டிகை சீசன்ல பிரார்த்தனை நடத்துறதை விடல. எதிர் திசையிலயும் ஒருத்தர் உண்டு: யோசலே ரோசன்ப்ளாட். 1918ல சிகாகோ ஓப்பராவுல இருந்து வந்த பெரிய ஆஃபரை, ஒரு ஹஸான் ஓப்பரா மேடையில நிக்கிறது சரிப்படாதுன்னு வேண்டாம்னுட்டார். இந்த ரெண்டு பேர்ல யார் செஞ்சது சரின்னு கேன்டர்கள் இன்னைக்கும் வாதம் பண்ணுவாங்க, எனக்கு டக்கர் பக்கம்தான் சாய்வு.

முன்னாடி இதுக்கு ஸ்கூல் எல்லாம் பெருசா கிடையாது. கிழக்கு ஐரோப்பாவுல சின்னப் பையனா ஒரு ஹஸானோட கொயர்ல சேர்ந்து, அவர் கூடவே ஊர் ஊரா போய், காதால கேட்டே கத்துக்குவாங்க. ஹோலகாஸ்ட் (நாஜிகள் நடத்தின யூதப் படுகொலை) அந்த உலகத்தையே அழிச்சிடுச்சு. வார்சாவோட புகழ்பெற்ற கேன்டர் கெர்ஷோன் சிரோட்டா 1943ல அந்த ஊரு கெட்டோவுலயே (நாஜிகள் யூதர்களை அடைச்சு வெச்ச பகுதி) செத்துப்போனார். கத்துக்கொடுக்குற சங்கிலி அறுந்துபோச்சு, இனி ஐரோப்பாவுல இருந்து ஆள் வர மாட்டாங்கன்னு புரிஞ்சப்பதான் அமெரிக்காவுல ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. 1948, 1952, 1954ன்னு வரிசையா மூணு ஸ்கூல் முளைச்சதுக்கு காரணம் இதுதான்.

படி 1: நீங்க யூதரா?

கூச்சப்படாம முதல்லயே பேசிட வேண்டிய கேள்வி. கொயர்ல பாட யூதரா இருக்கணும்னு அவசியமில்ல, ரிஃபார்ம்ங்கிற தாராளப் பிரிவோட டெம்பிள்கள்ல சம்பளத்துக்கு பாடுற சோப்ரானோ ஆல்ட்டோ டெனர் பேஸ்ல பாதிப்பேரு ஞாயித்துக்கிழமை சர்ச்லயும் பாடுறவங்களா இருப்பாங்க. ஆனா கேன்டர் ஆக யூதரா இருந்தே ஆகணும், அதுல விதிவிலக்கு கிடையாது. சபை சார்பா நிக்கிறவர் அந்த சபையில ஒருத்தரா இருக்கணும் இல்லையா.

மதம் மாறணும்னா ஒரு ரபை (யூத மதகுரு) கிட்ட போய் படிக்கணும். பண்டிகை, பிரார்த்தனை, வீட்டு வழக்கம், வரலாறு எல்லாம். சாதாரணமா ஒரு வருஷத்து பண்டிகைகள் முழுசையும் அந்த சபையோட சேர்ந்து வாழ்ந்து பார்க்கச் சொல்லுவாங்க, ஆர்த்தடாக்ஸ்னா இன்னும் நீளும். கடைசியில பெயித் தீன், அதாவது மூணு பேரு உக்கார்ந்த ஒரு அவை, கேள்வி கேப்பாங்க, அப்புறம் மிக்வேங்கிற குளத்துல முங்கி எழணும், ஆம்பளைங்களுக்கு சுன்னத்தும் உண்டு. ரிஃபார்ம் ரபை கிட்ட மாறினதை ஆர்த்தடாக்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, அதனால எந்தப் பிரிவுல பின்னாடி வேலை பார்க்கப் போறீங்கன்னு ஓரளவு யோசிச்சுட்டு ஆரம்பிக்கிறது நல்லது.

என் அபிப்ராயம் என்னன்னா, வேலைக்காக மாறாதீங்க. அவையில இருக்கறவங்க கேக்கப்போற முதல் கேள்வியே "ஏன்?"தான். "எனக்கு மியூசிக் ரொம்பப் பிடிச்சுது"ங்கிறது தொடக்கமா இருக்கலாம், பதிலா இருக்க முடியாது.

படி 2: ரெண்டு மூணு சினகாக்ல போய் சும்மா உக்காருங்க

பாட வேண்டாம். உக்காருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சனிக்கிழமை காலை, முடிஞ்சா ஒரு சாதாரண நாள் காலை. ரிஃபார்ம், கன்சர்வேடிவ் (ரெண்டுக்கும் நடுவழிப் பிரிவு), ஆர்த்தடாக்ஸ் மூணையும் பாருங்க, ஒரே பிரார்த்தனை மூணு இடத்துல மூணு உலகமா இருக்கும். ஒரு இடத்துல ஆர்கனோ கிட்டாரோ இருக்கும், மைக் இருக்கும், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். இன்னொரு இடத்துல எந்த வாத்தியமும் கிடையாது, மைக் கிடையாது, மூணு மணி நேரம் ஓடும், ஆளுக்கு ஒரு வேகத்துல முணுமுணுத்துட்டு இருப்பாங்க, நடுநடுவுல ஹஸான் ஒரு வரியை எடுத்து பாடினதும் எல்லாரும் வந்து சேர்ந்துக்குவாங்க.

மியூசிக்காரங்க வழக்கமா மாட்டிக்கிற சில இடங்கள் இருக்கு. பாரம்பரிய சபையில ஷபாத் (வெள்ளி சாயங்காலம் ஆரம்பிச்சு சனி ராத்திரி வரைக்குமான ஓய்வு நாள்) அன்னைக்கு எழுதக்கூடாது, அதனால ஸ்கோர்ல மார்க் பண்ண பென்சிலை வெளிய எடுக்காதீங்க. போன்ல டியூனர் ஆப்பும் கூடாது, பிட்ச் பைப்பும் வாத்தியக் கணக்குல வந்துடும், சில இடங்கள்ல டியூனிங் ஃபோர்க்கை மட்டும் அனுமதிப்பாங்க, ஹஸான் அதை காதுகிட்ட தட்டிக்கிட்டு ஆரம்பிக்கிறதைப் பார்க்கலாம். ஆம்பளைங்க தலையில கிப்பாங்கிற சின்னக் குல்லா வெச்சுக்கணும், வாசல்லயே ஒரு டப்பாவுல இருக்கும். தல்லித்ங்கிற அந்த வெள்ளைத் துண்டு யூதர்களுக்கு மட்டும்தான், மரியாதைக்குன்னு நெனச்சு எடுத்துப் போத்திக்காதீங்க. கடவுள் பேரு ஹீப்ரூல அச்சடிச்ச ஸ்கோர் பேப்பரை குப்பையில போடக்கூடாது, சினகாக்ல கொடுத்தா சேர்த்து வெச்சு மண்ணுல புதைப்பாங்க. ரிகர்சல்லயும் பாரம்பரியமானவங்க கடவுள் பேரை அப்படியே உச்சரிக்காம "அதோனாய்"ங்கிற இடத்துல "அதோஷெம்"னு மாத்தி பாடுவாங்க, அதைக் கேட்டுட்டு நோட்ல தப்பா அடிச்சிருக்குன்னு திருத்தப் போகாதீங்க.

படி 3: ஹீப்ரூ, அதுவும் இப்பவே

அட்மிஷன் கிடைச்சப்புறம் பார்த்துக்கலாம்னு நினைக்கிறவங்கதான் அதிகம், முதல் வருஷத்துல திணறுறவங்களும் அவங்கதான். 22 எழுத்து, வலமிருந்து இடம், உயிர்க்குறிகள் பெரும்பாலும் எழுத்துக்குக் கீழ புள்ளியும் கோடுமா இருக்கும். ஆங்கில எழுத்துல எழுதி வெச்சு பாடுறது கொயர்ல ஒரு சீசனுக்கு சரி, அதுக்கு மேல அது ஊன்றுகோல் இல்ல, விலங்கு. சித்தூர்னு சொல்ற பிரார்த்தனைப் புஸ்தகத்தை வாங்கி தினமும் கொஞ்ச நேரம் வாய்விட்டு வாசிங்க. அர்த்தம் மெதுவா வரட்டும், முதல்ல வாய் பழகணும், ஏன்னா பிரார்த்தனை ஓடுற வேகம் நீங்க நினைக்கிறதை விட பல மடங்கு அதிகம். செஃபாரியான்னு ஒரு இலவச வெப்சைட் இருக்கு, மூல நூல்கள் ஆங்கில மொழிபெயர்ப்போட கிடைக்கும், அதை பக்கத்துல திறந்து வெச்சுக்கங்க.

டிக்‌ஷன்ல கிளாசிக்கல் பாடகருக்கு ஒரு லாபம் இருக்கு. ஜெர்மன் லீட் பாடினவங்களுக்கு ஹீப்ரூவோட அந்தத் தொண்டை "ஹ்" ஏற்கனவே வரும். நஷ்டம் எங்கன்னா அழுத்தம், ஹீப்ரூல பெரும்பாலும் கடைசி அசையில விழும், இத்தாலியன் பழகின நாக்கு கடைசிக்கு முந்தின அசைக்கே ஓடும். இன்னொரு குழப்பம், பழைய கேன்டர் ரெக்கார்டுகள் எல்லாம் அஷ்கெனாசி (கிழக்கு ஐரோப்பிய யூதர்) உச்சரிப்புல இருக்கும், "ஷபோஸ்"னு. இன்னைக்கு முக்காவாசி சபையில இஸ்ரேலி உச்சரிப்பு, "ஷபாத்"னு. பழைய பாட்டை புது உச்சரிப்புக்கு மாத்தினா அழுத்தம் இடம் மாறி மெட்டுல சரியா உக்காராது. எதுல பாடப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க, பாதிப் பாட்டுல கலக்காதீங்க.

படி 4: நுசாக். இங்கதான் நேரம் செலவாகும்

நாலு மாசத்துல ரெப்பர்ட்வார் சேர்த்துடலாம்னு நினைக்கிறவங்க சறுக்குறது இங்கதான். சினகாக் பிரார்த்தனையில பெரும்பகுதி "பாட்டு" இல்ல, ஒரு குறிப்பிட்ட மோட்ல, குறிப்பிட்ட பிடிகளோட, அந்த நேரத்துல மனசுல உருவாக்கிப் பாடுறது. அதுக்குப் பேருதான் நுசாக். ஒரே வார்த்தைகளை சாதாரண நாள் சாயங்காலம் ஒரு மாதிரி, வெள்ளி இரவு ஒரு மாதிரி, சனி காலை ஒரு மாதிரி, ரோஷ் ஹஷானா இரவு முழுக்க வேற மாதிரி பாடணும். விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் கண்ணை மூடிட்டு சினகாக்குள்ள வந்தா, ஒரு வார்த்தை கூட புரியாட்டியும் இன்னைக்கு என்ன நாள், எந்த வேளைன்னு மெட்டை வெச்சே சொல்லிடுவார்.

கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்கு இது புதுசே இல்ல. அஹவா ரபான்னு சொல்ற மோடோட ஸ்வரங்களை எடுத்துப் பார்த்தா அப்படியே நம்ம வகுளாபரணம். அதோனாய் மாலாக், வெள்ளிக்கிழமை ஷபாத்தை வரவேற்கிற சங்கீதங்கள்ல வர்றது, அடிப்படையில ஹரிகாம்போஜி ஸ்வரங்கள் (மேல் ஸ்தாயியில காந்தாரம் இறங்கும், அதனால முழுசா அதுவும் இல்ல). மாகென் அவோத் நடபைரவி. உக்ரேனியன் டோரியன்னு ஒண்ணு இருக்கு, அது ஹேமவதி. ஆனா ஆரோகண அவரோகணம் தெரிஞ்சா ராகம் பாடிட முடியுமா? அதே கதைதான் இங்கயும், ஸ்கேலை வெச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியாது, எந்த இடத்துல நிக்கிறது, எந்தப் பிடியில முடிக்கிறது, பிரார்த்தனையோட கடைசி வரி வரும்போது எந்த ஸ்வரத்துக்கு வந்து அடுத்தவங்களுக்கு எடுத்துக் கொடுக்கிறதுங்கிறதுலதான் நுசாக்கே இருக்கு. வெஸ்டர்ன்ல மட்டும் வளர்ந்தவங்களுக்கு இது பெரிய தடை, ஏன்னா அவங்களுக்கு பேப்பர்ல நோட் இல்லாம வாயே திறக்காது.

எப்படிக் கத்துக்கிறது? அடோல்ஃப் கட்ச்கோ, இஸ்ரேல் ஆல்டர் மாதிரி ஐரோப்பாவுல வளர்ந்த ஹஸான்கள் மாணவர்களுக்காக நுசாக்கை ஸ்வரக்குறிப்புல எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க. முதல்ல அதை அட்சரம் பிசகாம மனப்பாடம் பண்ணுங்க. அப்புறம் அதே பிடிகளை வேற வரிக்கு போட்டுப் பாருங்க. அப்புறம் பேப்பரை மூடுங்க. இந்த மூணாவதுதான் வேலை. கூட ஒரு ஆசிரியர் கண்டிப்பா வேணும், ரெக்கார்டிங்கை மட்டும் வெச்சு கத்துக்கிட்டா அந்தப் பாடகரோட தனி வழக்கங்களையும் மரபுன்னு நினைச்சு தூக்கிட்டு வந்துடுவீங்க. பக்கத்துல இருக்கிற சினகாக்ல இருக்கிற கேன்டரையே கேட்டுப் பாருங்க.

இதுவரைக்கும் சொன்னது கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி மரபு. சிரியாவுல அலெப்போவுல இருந்து வந்த யூதர்கள் அரபு மகாம் (ராகம் மாதிரி) முறையில பாடுவாங்க, அந்த வாரம் வாசிக்கிற தோரா பகுதிக்கு ஏத்த மாதிரி அன்னைக்கு என்ன மகாம்னு முடிவாகும். அமெரிக்க ஸ்கூல்ஸ்ல இதை ஓரளவு அறிமுகம் பண்ணுவாங்க, ஆழமாப் போகணும்னா அந்த சபைக்கே போகணும்.

படி 5: தோரா வாசிக்கிறது

இது நுசாக்ல இருந்து தனி. ஹீப்ரூ பைபிளோட ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ட்ரோப் குறி இருக்கு, அந்தக் குறிதான் அந்த வார்த்தையோட மெட்டு, நிறுத்தற்குறி, அழுத்தம் மூணும். கஷ்டம் என்னன்னா சினகாக்ல வாசிக்கிற தோல் சுருள்ல குறியும் கிடையாது, உயிர்க்குறியும் கிடையாது, வெறும் மெய்யெழுத்து. மீதியை மண்டையில வெச்சுட்டு வரணும். திக்குன்னு ஒரு புஸ்தகம் இருக்கு, ஒரு பக்கம் குறியோட, இன்னொரு பக்கம் சுருள்ல இருக்கிற மாதிரியே வெறும் எழுத்தா. இடது வலதுன்னு மாறி மாறிப் பார்த்து பழகுறதுதான் வழி, குறுக்கு வழி எதுவும் இல்ல.

அஷ்கெனாசி முறையில ஒரே குறிக்கு ஆறு விதமான மெட்டு: சாதாரண தோரா வாசிப்பு, தீர்க்கதரிசிகள் பகுதி, ஹை ஹாலிடேஸ் (ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர்) தோரா, எஸ்தர், புலம்பல், அப்புறம் ரூத் - உன்னதப்பாட்டு - பிரசங்கி மூணுக்கும் சேர்த்து ஒண்ணு. முதல்ல சாதாரண தோராவை மட்டும் எடுங்க, எத்னாக்தா (வசனத்தோட நடு நிறுத்தம்), சோஃப் பாசுக் (முடிவு) ரெண்டையும் சுத்தி வர்ற சின்னக் கூட்டங்களை பழகினா பாதி வசனம் கைக்கு வந்துடும். ஷல்ஷெலெத்னு நீளமா இழுத்து வளைக்கிற ஒரு குறி இருக்கு, ஐந்து ஆகமத்துல மொத்தமே நாலு தடவைதான் வரும், கொலராடுரா சோப்ரானோக்கள் எல்லாரும் அதைத்தான் முதல்ல கத்துக்க ஆசைப்படுறாங்க, அது கடைசியில பார்த்துக்கலாம்.

வாசிக்கும்போது பக்கத்துல கபாய்ங்கிறவர் நின்னு புஸ்தகத்தைப் பார்த்துட்டே இருப்பார். அர்த்தம் மாறுற மாதிரி தப்பு வந்தா அங்கயே, எல்லாரும் கேக்க, திருத்துவார், நீங்க திரும்ப வாசிக்கணும். ஓப்பரா பாடகருக்கு இது முதல்ல நெஞ்சை அடைக்கும். சினகாக்ல அது சாதாரணம், யாரும் அதை அவமானமா பார்க்கிறதில்ல.

படி 6: குரலை என்ன பண்றது

டெக்னிக்கை தூக்கிப் போடாதீங்க, அதுதான் உங்களைக் காப்பாத்தப் போகுது. எங்கன்னா யோம் கிப்பூர்ல. முந்தின நாள் சூரியன் மறையறதுக்கு முன்னாடி கொல் நித்ரேங்கிற பிரார்த்தனையில ஆரம்பிச்சு அடுத்த நாள் இருட்டுற வரைக்கும், கிட்டத்தட்ட 25 மணி நேரம், சாப்பாடு கிடையாது, தண்ணியும் கிடையாது. அந்த உபவாசத்துலயேதான் வருஷத்துலயே நீளமான பிரார்த்தனைகளை பாடணும். கொல் நித்ரே மூணு தடவை பாடணும், ஒவ்வொரு தடவையும் சத்தத்தை ஏத்திட்டே போறது பழைய வழக்கம், முதல் தடவையே முழுக்குரலையும் இறக்கிட்டீங்கன்னா மூணாவதுக்கு கையில ஒண்ணும் இருக்காது. அடுத்த நாள் சாயங்காலம் நெயிலான்னு கடைசி பிரார்த்தனை, வறண்ட தொண்டையோட, அப்பதான் சபையே உச்சத்துல இருக்கும். அனுபவசாலிங்க ரெண்டு மூணு நாள் முன்னாடி இருந்தே தண்ணி நிறைய குடிச்சு, காபியை படிப்படியா குறைச்சு, மதியம் பேசுறதையே நிறுத்திடுவாங்க. உடம்பு முடியாதவங்க ரபை கிட்டயும் டாக்டர் கிட்டயும் முன்கூட்டியே பேசிடணும், உயிருக்கு ஆபத்துன்னா உபவாசம் இருக்கக்கூடாதுங்கிறதுதான் யூத சட்டமே.

மாத்த வேண்டியது சிலது உண்டு. முதல்ல ஸ்ருதி. உங்க டெனர் குரலுக்கு அழகா இருக்கிற கீயில ஆரம்பிச்சீங்கன்னா சபையில ஒருத்தரும் கூட பாட முடியாது. பொதுவா சபையோட குரல் மிடில் சி-க்கு கொஞ்சம் கீழ இருந்து ஒரு ஆக்டேவ்க்கு கொஞ்சம் மேல வரைக்கும்தான் வசதி, எல்லாரும் பாடுற பாட்டை அதுக்குள்ள வெச்சுட்டு, உங்க உயரத்தை தனியா பாடுற இடத்துக்கு வெச்சுக்கங்க. அப்புறம் வைப்ரேட்டோ, அதைக் குறைக்கணும், வார்த்தை முன்னாடி வரணும். அழுகை உடையற மாதிரி ஒரு சின்ன விக்கல் ஒலி இருக்கு, க்ரெக்ட்ஸ்னு சொல்லுவாங்க, அது பழைய ஹஸான்களோட கையெழுத்து. கிளாசிக்கல் டீச்சர் கேட்டா "ஐயோ ரெஜிஸ்டர் உடையுது"ம்பாங்க. உடையட்டும், இங்க அது தப்பு இல்ல. ஆனா எல்லா வரிக்கும் போட்டா நாடகமாயிடும்.

ரிஃபார்ம் பக்கம் போறவங்க கிட்டார் கத்துக்கங்க. டெபி ஃப்ரீட்மன் (1951–2011) வந்தப்புறம் அமெரிக்க சபைகளோட காது மாறிடுச்சு, எல்லாரும் சேர்ந்து பாடுற எளிய மெட்டுதான் பல இடத்துல ஓடுது. கன்சர்வேட்டரி ஆளுங்க சிலர் இதை இளப்பமா பேசுவாங்க. ஹீப்ரூ யூனியன் காலேஜோட கேன்டர் ஸ்கூலுக்கே இன்னைக்கு அவங்க பேருதான்.

படி 7: ஸ்கூல் தேர்வு

மூணு பெரிய வழி. ஹீப்ரூ யூனியன் காலேஜ், ரிஃபார்ம், 1948ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, வழக்கமா முதல் வருஷம் ஜெருசலேம்ல. ஜூயிஷ் தியாலஜிக்கல் செமினரி, கன்சர்வேடிவ், இதோட கேன்டர் பிரிவு 1952ல இருந்து. யெஷிவா யூனிவர்சிட்டியோட பெல்ஸ் ஸ்கூல், ஆர்த்தடாக்ஸ், 1954. இது தவிர எந்தப் பிரிவையும் சேராம எல்லாருக்கும் பொதுவா நடத்துற அகாடமி ஃபார் ஜூயிஷ் ரிலிஜன் நியூயார்க்லயும் கலிஃபோர்னியாவுலயும் தனித்தனியா இருக்கு, வேலை குடும்பம்னு இருந்துட்டு ரெண்டாவது கேரியரா வர்றவங்களுக்கு அது தோது. முழுநேரப் படிப்புன்னா நாலஞ்சு வருஷம் ஆகும்னு வெச்சுக்கங்க.

பெண்கள் கவனிக்க: ஆர்த்தடாக்ஸ்ல பெண் ஹஸான் கிடையாது, அங்க பொம்பளைங்க பாடுறதை ஆம்பளைங்க கேக்குறதுக்கே கட்டுப்பாடு உண்டு. மத்த ரெண்டுலயும் கதவு திறந்திருக்கு, ஆனா சீக்கிரம் திறக்கல. ஜூலி ரோஸ்வால்ட்னு ஒரு ஓப்பரா சோப்ரானோ 1884லயே சான் ஃபிரான்சிஸ்கோவுல டெம்பிள் இமானுவேல்ல கேன்டர் வேலையைப் பார்த்தாங்க, பட்டம் எதுவும் இல்லாம. முறையா பட்டம் வாங்கின முதல் பெண் பார்பரா ஆஸ்ட்ஃபெல்ட், 1975, ஹீப்ரூ யூனியன். கன்சர்வேடிவ்ல 1987 வரைக்கும் ஆச்சு. கொரியாவுல பிறந்த ஏஞ்சலா புக்தால் 1999ல கேன்டர், 2001ல ரபை, இப்போ நியூயார்க் சென்ட்ரல் சினகாக்ல தலைமை ரபை. வெள்ளைக்கார முகமா இருந்தாத்தான் சரிப்படுமான்னு தயங்குற ஆசியக்காரங்க அவங்க பாடுறதை ஒருதரம் கேளுங்க.

ஆடிஷனுக்கு ரெண்டு மாதிரி பாட்டு தயார் பண்ணுங்க: உங்க டெக்னிக்கைக் காட்ட ஏரியாவோ ஆர்ட் சாங்கோ, அப்புறம் ஹீப்ரூ பிரார்த்தனைப் பாட்டு. சைட் ரீடிங், காது பரிசோதனை, ஹீப்ரூ வாசிப்பு, நேர்காணல் எல்லாம் இருக்கும். ஏரியா நல்லா இருந்து ஹீப்ரூ பாட்டுல அர்த்தம் தெரியாம பாடுற ஆள் பின்தங்கிடுவார், இதுவே தலைகீழா இருந்தா இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கு, ஏன்னா குரலை சரி பண்ணிடலாம்னு அவங்களுக்குத் தெரியும். நேர்காணல்ல "ஏன் ரபை ஆகாம கேன்டர்?"னு கண்டிப்பா கேப்பாங்கன்னு நினைச்சுட்டே போங்க. கல்யாண விஷயமும் வரலாம்: துணை யூதரா இருக்கணும்ங்கிற விதியை ஹீப்ரூ யூனியன் 2024ல எடுத்துடுச்சு, மத்த இடத்துல விண்ணப்பிக்கும் முன்னாடி கேட்டுக்கங்க.

படிக்கும்போதே வார இறுதியில சின்ன ஊரு சபைகள்ல மாணவ கேன்டரா வேலை பார்க்க அனுப்புவாங்க. கிளாஸ்ரூமை விட அங்க கத்துக்கிறது அதிகம்னு முடிச்சவங்க எல்லாரும் சொல்றாங்க.

படி 8: வேலை

வேலைன்னா பாடுறதுன்னு நினைச்சீங்கன்னா, அது வாரத்துல கொஞ்ச நேரம்தான். மீதி நாள் பூரா 12, 13 வயசுப் பசங்களுக்கு பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா (பையனும் பொண்ணும் மதத்துல பெரியவங்க கணக்குல சேர்ற சடங்கு) வாசிப்பு சொல்லிக்கொடுக்கணும், குரல் உடையற வயசுப் பையன் ட்ரோப் பாட முடியாம வெக்கப்பட்டு உக்கார்ந்திருப்பான், அவனுக்கு கீயை மாத்தி மாத்திக் கொடுத்து தைரியம் சொல்லணும். கொயர் நடத்தணும், கல்யாணத்துல ஏழு ஆசீர்வாதங்கள் பாடணும், ஆஸ்பத்திரிக்கு போகணும், சாவு வீட்டுக்கு போகணும். அடக்கம் பண்ற இடத்துல "எல் மாலே ரஹமிம்"னு ஒரு பிரார்த்தனை, அதுல இறந்தவரோட ஹீப்ரூ பேரையும் அவரோட அப்பா அம்மா பேரையும் நடுவுல சேர்த்துப் பாடணும். பேரை முன்னாடியே குடும்பத்துக்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கங்க, காதுல கேட்டதை நம்பாதீங்க. அந்த இடத்துல ஒரு பேரு தப்பானா எவ்வளவு அழகா பாடினாலும் அந்தக் குடும்பத்துக்கு ஞாபகம் இருக்கப்போறது அந்தத் தப்புதான்.

வேலை தேடும்போது ரிஃபார்ம்காரங்களுக்கு அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் ஆஃப் கேன்டர்ஸ், கன்சர்வேடிவ்காரங்களுக்கு கேன்டர்ஸ் அசெம்பிளின்னு சங்கங்கள் இருக்கு. சின்ன சபைகளால ரபைக்கும் கேன்டருக்கும் ரெண்டு சம்பளம் கொடுக்க முடியாது, அதனால பிள்ளைங்க பள்ளியை நடத்துறதையும் சேர்த்து ஒரே வேலையா போட்டிருப்பாங்க, விளம்பரத்தை நிதானமா படிங்க.

கான்ட்ராக்ட்ல வருஷத்துக்கு எத்தனை பார் மிட்ஸ்வா பசங்க, கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் தனியா காசு வாங்கிக்கலாமா, வெளிய கச்சேரி பண்ண அனுமதி உண்டா, தொண்டை கட்டிக்கிட்டா உங்க இடத்துல யாரு நிக்கிறது, அவங்களுக்கு யாரு சம்பளம் தர்றது, எல்லாத்தையும் எழுத்துல வாங்கிடுங்க. லீவு ஜூலையில எடுத்துக்கங்க. ஆகஸ்ட்ல கேக்காதீங்க, ஹை ஹாலிடே கொயர் ரிகர்சல் எல்லாம் அப்பதான் சூடு பிடிக்கும்.